ரெனோவேஷன் என்றால் வீட்டை விட்டு எழும்ப வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பத்திரிகையின் வீடு விற்பனைப் பக்கத்தில் அண்மையில் வந்த ஒரு கட்டுரையைப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். ஆறு குடும்பம் இருக்கிற பழைய வாடகைக் கட்டிடம் ஒன்றை வாங்கி, குசினியையும் குளியலறையையும் புதுசாக்கி, வாடகையை எப்படி இரண்டு மடங்காக்கலாம் என்று விளக்கமாக எழுதியிருந்தார்கள். வங்கிக் கடன், வட்டி, திருத்த வேலைச் செலவு எல்லாவற்றுக்கும் கணக்கு இருந்தது. அந்த ஆறு குடும்பமும் எங்கே போகும் என்பதற்கு மட்டும் கணக்கு இல்லை. கட்டுரையின்படி வீடு தானாகவே காலியாகிவிடுகிறது. நான் ரொறன்ரோவுக்கு வந்த நாளிலிருந்து வாடகை வீட்டிலேயே காலம் தள்ளுகிறவன், எனக்குத் தெரிந்து ஒரு வீடும் தானாகக் காலியானதில்லை.

இந்த வியாபாரம் ஏன் நடக்கிறது என்று விளங்க ஒரு விஷயம் தெரிந்தால் போதும். ஒன்ராறியோவில் ஏற்கெனவே குடியிருக்கிறவருக்கு வருடத்தில் ஒரு தடவைதான் வாடகை கூட்டலாம், அதுவும் மாகாண அரசு அறிவிக்கிற வீதத்துக்குள். 2025 இல் அது 2.5 வீதம், 2026 இல் 2.1 வீதம். (2018 நவம்பர் 15 க்குப் பிறகு முதன்முதலாக ஆட்கள் குடிவந்த வீடுகளுக்கு இந்த எல்லை இல்லை, அது வேறு கதை.) ஆனால் அவர் எழும்பிப் போய்விட்டால் அடுத்து வருகிறவரிடம் எவ்வளவும் கேட்கலாம். 1998 இல் மாகாணத்தை ஆண்ட மைக் ஹரிஸ் அரசாங்கம் செய்துவிட்டுப் போன வேலை இது, பிறகு வந்த லிபரல் கட்சிக்காரரும் அதில் கை வைக்கவில்லை. ஆகவே பதினைந்து இருபது வருடமாக ஒரே வீட்டில் இருந்து முதலாம் திகதி தவறாமல் வாடகை கட்டுகிற ஆள்தான் கட்டிடத்தை வைத்திருக்கிற கொம்பனியின் கண்ணை உறுத்துகிற ஆள். அவர் 1,300 டொலர் கட்டுகிறார் என்று வையுங்கள். அவர் போனால் அதே வீட்டை 2,200 க்கு விடலாம். நல்ல வாடகைக்காரராக இருப்பதே குற்றமாகிப் போகிற ஒரு ஏற்பாடு.

அதற்காகத் திருத்த வேலையே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. நாங்கள் இருக்கிற இந்த உயரமான கட்டிடங்கள் அநேகமாக 1960 களிலும் 70 களிலும் கட்டியவை. 1983 கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த எங்கள் ஆட்கள் முதலில் சென் ஜேம்ஸ் ரவுனிலும் பிறகு ஸ்காபரோவிலும் குடியேறியது இந்த மாதிரிக் கட்டிடங்களில்தான். ஐம்பது வருடத்துப் பனியில் கொங்கிறீற்றுக்குள் தண்ணி இறங்கி, உறைந்து, உருகி, உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதி, பல்கனி விளிம்பு கட்டி கட்டியாகப் பெயர்ந்து வருகிற கட்டிடங்கள் எத்தனையோ இருக்கின்றன. கீழே பிள்ளைகள் விளையாடுகிறார்கள், திருத்தாமல் விட முடியுமா? பைப் மாற்றத்தான் வேண்டும், எலிவேற்றரும் மாற்றத்தான் வேண்டும். சட்டமும் அதைத்தான் சொல்கிறது: குடிவரும்போதே பழுதைத் தெரிந்துகொண்டு வந்திருந்தாலும் கூட, வீட்டைத் திருத்தி வைத்திருப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு. ஆட்களை உள்ளே வைத்துக்கொண்டு அந்த வேலையை எப்படிச் செய்கிறார்கள், அந்தச் சாக்கில் வேறு எதைச் செய்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

எங்கள் கட்டிடத்தில் பல்கனி வேலை தொடங்கியபோது முதலில் பல்கனிக் கதவுகளை வெளியே இருந்து பிளைவூட் பலகை வைத்துத் திருகி அடைத்தார்கள். கறிவேப்பிலைக் கன்றும் மிளகாய்ச் சாடிகளும் ஹோலுக்குள் வந்தன. நடுக் கோடை, பல வீடுகளில் ஏசி கிடையாது, காற்று வருகிற பெரிய வழி அது ஒன்றுதான். காலை ஏழு அடித்ததும் ஜாக்ஹாமர் தொடங்கும். கொங்கிறீற்றுக் கட்டிடத்தில் பன்னிரண்டாம் மாடியில் உடைத்தால் நாலாம் மாடிச் சுவரும் அதிரும், எங்கே உடைக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கவே முடியாது, தலைக்குள்ளேயே உடைக்கிற மாதிரி இருக்கும். இரவு வேலை முடித்து விடியப்புறம் வந்து படுக்கிற அக்கா ஒருவர் எங்கள் மாடியில் இருக்கிறார், அவர் தலையணையை எடுத்துக்கொண்டு போய்க் காருக்குள் படுத்திருக்கிறார். நகரசபை விதிப்படி கட்டுமானச் சத்தம் வார நாளில் காலை ஏழிலிருந்து மாலை ஏழுக்குள், சனிக்கிழமை ஒன்பதுக்குப் பிறகு, ஞாயிற்றுக்கிழமை அறவே கூடாது. அவர்கள் அதை மீறவில்லை. சட்டத்துக்குள் நின்றுகொண்டே ஒரு மனிசரைப் பைத்தியமாக்கலாம் என்று அப்போதுதான் பார்த்தேன்.

அப்புறம் தண்ணி. நாளைக்கு ஒன்பதிலிருந்து ஐந்து வரை தண்ணி வராது என்று எலிவேற்றருக்குள் ஒரு தாள் ஒட்டியிருக்கும். வாளி, பானை, குளியல் தொட்டி எல்லாவற்றிலும் பிடித்து வைப்போம். ஐந்துக்கு வராது, எட்டுக்கு வரும், வரும்போது துருநிறத்தில் வரும். பக்கத்து வீடு காலியாகி உள்ளே உடைக்கிற நாட்களில் கொரிடோர் முழுக்க வெள்ளைத் தூசி, கதவுக்குக் கீழே ஈரத் துவாய் வைத்தும் சோற்றுப் பானை மூடி வரைக்கும் வந்து படிந்திருக்கும். அந்தக் காலத்துக் கட்டிடங்களின் தரை ஓட்டிலும் சுவர்ப் பூச்சிலும் அஸ்பெஸ்ரஸ் இருக்கலாம் என்பதால், உடைக்கிறதற்கு முதல் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று ஒன்ராறியோவில் தனி ஒழுங்குவிதியே இருக்கிறது. சோதித்தீர்களா என்று கட்டிட ஒஃபிஸில் கேட்டேன். கவலைப்பட வேண்டாம் என்றார்கள். அறிக்கையைக் காட்டுங்கள் என்றேன். இன்னும் காட்டவில்லை.

சனம் இப்படிக் களைத்துப்போகிற நேரம் பார்த்துத்தான் கையெழுத்துக் கேட்டு ஆள் வருகிறது. எங்களுக்கு அனுப்பியது ஒரு தமிழ்ப் பொடியனை. நல்ல மரியாதை, வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். நான் மேலே சொன்ன அக்காவிடம், “அன்ரி, இது சும்மா ஒரு ஃபோம்தான், வேலை முடிய நீங்கள் திரும்பி வரலாம், இப்ப சைன் வைச்சால் அஞ்சாயிரம் டொலர் செக் தருவினம்” என்று சொல்லியிருக்கிறார். அக்கா கெட்டிக்காரி, மகன் வரட்டும் தம்பி என்று சொல்லித் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டு அந்தத் தாளை என்னிடம் கொண்டு வந்தார். அது என் 11 (N11) என்கிற படிவம். அதாவது, வாடகை ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ள இரண்டு பக்கமும் சம்மதிக்கிறோம் என்கிற படிவம். திரும்பி வருவதைப் பற்றி அதில் ஒரு சொல் கிடையாது. கீழ் மாடியில் ஒரு குடும்பம் அதில் கையெழுத்து வைத்துவிட்டு இப்போது அஜாக்ஸில் ஒரு பேஸ்மென்ற்றில் இருக்கிறது. அவர்கள் இருந்த வீடு புதுத் தரையும் வெள்ளை அலுமாரியுமாக இணையத்தில் விளம்பரத்துக்கு வந்தது, அவர்கள் கட்டிய வாடகையைப் போல இரண்டு மடங்குக்கு. ஐயாயிரம் பெரிய காசு மாதிரித்தான் தெரியும். ஆனால் போகிற இடத்தில் மாதம் 900 கூடக் கட்ட வேண்டி வந்தால் ஆறு மாதத்துக்குள் அது கரைந்துவிடும். அதற்குப் பிறகு வருகிற ஒவ்வொரு மாதமும் உங்கள் சொந்தக் காசு.

உண்மையிலேயே ஆளை எழுப்பித்தான் வேலை செய்ய வேண்டுமென்றால் அதற்குச் சட்டத்தில் வேறு வழி இருக்கிறது. அந்தப் படிவத்தின் பெயர் என் 13 (N13). 120 நாள் முன்கூட்டியே தர வேண்டும். நகரசபையின் கட்டிட அனுமதி தேவைப்படுகிற அளவு பெரிய வேலையாகவும், வீடு காலியாக இருந்தால் மட்டுமே செய்யக்கூடிய வேலையாகவும் இருக்க வேண்டும். அலுமாரி மாற்றுகிறதும் பெயின்ற் அடிக்கிறதும் அதில் சேராது. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகள் உள்ள கட்டிடமென்றால் மூன்று மாத வாடகை நட்டஈடு, அல்லது உங்களுக்குச் சம்மதமான வேறு வீடு. நீங்கள் திரும்பி வருவதாக இருந்து, வேலையும் மூன்று மாதத்துக்கு முன்பே முடிந்தால் அந்தக் காலத்துக்கு மட்டும். ஐந்துக்குக் குறைந்த கட்டிடத்துக்கு ஒரு மாதம். எல்லாவற்றையும் விடப் பெரிய விஷயம், வேலை முடிந்ததும் அதே வீட்டுக்கு, நீங்கள் எழும்பாமலே இருந்திருந்தால் எவ்வளவு கட்டியிருப்பீர்களோ அந்த வாடகைக்கே திரும்பி வருகிற உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் திரும்பி வருவேன் என்று வெளியேறுகிறதற்கு முதல் எழுத்தில் கொடுக்க வேண்டும். வாயால் சொன்னது செல்லாது. போன பிறகு எழுதினாலும் செல்லாது. விலாசம் மாறினால் அதையும் அறிவிக்க வேண்டும். எங்கள் ஆட்கள் கோட்டை விடுகிற இடம் இதுதான், அந்த ஒரு துண்டுக் கடிதம்.

இன்னொன்று, என் 13 கையில் கிடைத்த உடனே வீட்டை விட்டுப் போக வேண்டும் என்று யாரும் நினைக்கக் கூடாது. அது வீட்டுக்காரர் தருகிற நோட்டீஸ், நீதிமன்ற உத்தரவு இல்லை. நீங்கள் போக மறுத்தால் அவர் போர்டுக்குப் போக வேண்டும் (வீட்டுக்காரர் வாடகைக்காரர் வழக்குகளை விசாரிக்கிற சபையைத்தான் இங்கே எல்லாரும் போர்ட் என்கிறார்கள்). அங்கே அவர் நல்லெண்ணத்தோடுதான் இதைச் செய்கிறார், அனுமதிகளை எடுத்திருக்கிறார் அல்லது எடுக்க முயன்றிருக்கிறார் என்று காட்ட வேண்டும். போர்ட் உத்தரவு போட்டாலும் ஆளை வெளியேற்றுகிற அதிகாரம் ஷெரிஃப் என்கிற நீதிமன்ற அதிகாரிக்கு மட்டும்தான், கட்டிடத்தைப் பார்த்துக்கொள்கிற சுப்பருக்கு இல்லை, பூட்டு மாற்றுகிறவருக்கு இல்லை.

ரொறன்ரோ நகரசபை இதற்கு மேல் ஒரு பூட்டுப் போட்டிருக்கிறது. ஹமில்ரன் நகரசபை 2025 ஜனவரியில் தொடங்கியதைப் பார்த்து, இங்கேயும் 2025 யூலை 31 முதல் ஒரு துணைவிதி நடைமுறையில் இருக்கிறது. என் 13 கொடுத்த வீட்டுக்காரர் ஏழு நாளுக்குள் ரெனோவேஷன் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஒரு வீட்டுக்கு 700 டொலர் கட்டணம் என்று தொடங்கினார்கள். ஆளை எழுப்பாமல் இந்த வேலை செய்ய முடியாது என்று எஞ்சினியரோ ஆர்க்கிரெக்ற்றோ எழுதித் தர வேண்டும். திரும்பி வர விரும்புகிறவருக்குத் தற்காலிகமாக ஒரு வீடு தர வேண்டும், இல்லாவிட்டால் வெளியே கட்டுகிற வாடகைக்கும் பழைய வாடகைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு ஈடு கொடுக்க வேண்டும். நல்ல விதிதான், மெச்சத்தான் வேண்டும். ஆனால் ஓட்டை எங்கே என்று பாருங்கள். லைசென்ஸ் வேண்டியது என் 13 கொடுத்தால்தான். என் 11 இல் நீங்களாகவே கையெழுத்து வைத்துவிட்டுப் போனால் லைசென்ஸும் இல்லை, எஞ்சினியர் கடிதமும் இல்லை, நட்டஈட்டுக் கணக்கும் இல்லை. முன் கதவுக்குப் பூட்டுப் போட்டதும் எல்லாரும் பின் கதவால் வருகிறார்கள். செக்கோடு பொடியன் வருவதும், அதற்கு முன் ஜாக்ஹாமரும் தூசியும் தண்ணி வெட்டும் வருவதும் அதனால்தான் என்று நான் நம்புகிறேன். சத்தத்தை வேண்டுமென்றே செய்தார்கள் என்று என்னால் நிரூபிக்க முடியாது. அதைக் குறைக்க ஒரு சின்ன முயற்சிகூடச் செய்யவில்லை என்பதை நிரூபிக்கலாம், அதற்குப் படம் இருக்கிறது.

எழும்பாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவர்களுக்கு அடுத்து வருவது ஏஜிஐ. பல்கனி, எலிவேற்றர், கார் நிறுத்துகிற கராஜ் போன்ற பெரிய செலவுகளைக் காட்டி, அரசு சொன்ன வீதத்துக்கு மேல் கூட்டித் தரும்படி கொம்பனி போர்டுக்கு விண்ணப்பிக்கும். வருடத்துக்கு 3 வீதம் வரை, மூன்று வருடத்துக்கு, ஆக மொத்தம் 9 வீதம். கோடை முழுக்கக் கதவு அடைத்திருந்ததற்கும் நாங்களே காசு கட்டுகிறோம் என்று இதற்கு அர்த்தம். ஆனால் அதுவும் தானாக நடப்பதில்லை. விசாரணை இருக்கிறது, பில்களைக் கேட்டுப் பார்க்கலாம், வெறும் அழகுக்குச் செய்த வேலையை எதிர்க்கலாம். பலருக்குத் தெரியாத ஒன்று, அந்த வேலையின் பயன்காலம் முடியும்போது அதே வீட்டில் இன்னும் இருக்கிறவருக்கு அந்தக் கூடுதலைக் குறைத்துவிட வேண்டும். எந்தத் திகதியில் என்று உத்தரவிலேயே எழுதியிருக்கும். அந்தத் தாளைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிற ஒரு வீட்டைத்தான் நான் இதுவரை பார்த்திருக்கிறேன்.

சரி, வீட்டுக்காரர் என்றால் எல்லாரும் பெரிய கொம்பனி இல்லை. எங்கள் ஆட்களிலேயே எத்தனை பேர் பேஸ்மென்ற்றை வாடகைக்கு விட்டிருக்கிறோம். மழை வெள்ளம் உள்ளே வந்து சுவரை உடைக்க வேண்டி வந்தால் அவர்களுக்கும் உண்மையான கஷ்டம், கொம்பனிக்கு இருக்கிற வக்கீல் அவர்களுக்கு இல்லை. ஆனாலும், தம்பி நீ அடுத்த மாதம் எழும்பு, வேலை இருக்கு என்று வாயால் சொல்லி ஒரு மாணவனையோ புதிதாக வந்த குடும்பத்தையோ அனுப்புகிறது சட்டப்படி பிழை. குசினியோ குளியலறையோ வீட்டுக்காரரோடு பொதுவாக இல்லாமல் தனியாக இருக்கிற பேஸ்மென்ற்றுக்கும் இதே 120 நாள்தான், இதே படிவம்தான். கொம்பனி எங்களுக்குச் செய்தால் அநியாயம், நாங்கள் ஒரு பஞ்சாபிப் பொடியனுக்குச் செய்தால் அவசரம் என்று கதைக்க முடியாது.

இப்போது இதே நிலைமையில் இருக்கிற வாசகர்களுக்குச் சொல்ல விரும்புவது. எந்தக் கோபத்திலும் வாடகையை நிறுத்தாதீர்கள், நிறுத்தினால் வாடகைப் பாக்கிக்கான என் 4 (N4) நோட்டீஸ் வரும், பிறகு பேச்சு முழுக்க உங்கள் பாக்கியைப் பற்றித்தான். சத்தம், தூசி, தண்ணி வெட்டு எல்லாவற்றையும் திகதியோடு எழுதி, போனில் படமெடுத்து வையுங்கள். சுப்பரிடம் கொரிடோரில் நின்று கத்துவதை விட ஒரு ஈமெயில் மேல். வீட்டுக்காரர் உள்ளே வர வேண்டுமென்றால் 24 மணித்தியாலத்துக்கு முன் காரணம், நாள், நேரம் போட்டு எழுத்தில் தர வேண்டும், அதுவும் காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும் இடையில். அவசர நிலைமை வேறு. வேலை காலத்துக்கு வாடகைக் கழிவு கேட்டு நீங்களே போர்டுக்கு விண்ணப்பிக்கலாம், நடந்து ஒரு வருடத்துக்குள் போட வேண்டும். பெரிய வேலை தொடங்க 60 நாளுக்கு முன் என்ன வேலை, எவ்வளவு காலம், என்ன பாதிப்பு என்று எழுதி அறிவித்து, பாதிப்பைக் குறைக்கவும் நடவடிக்கை எடுத்த வீட்டுக்காரருக்கு ஒழுங்குவிதியில் ஓரளவு பாதுகாப்பு உண்டு, ஆகவே உங்களுக்கு அந்த அறிவித்தல் வந்ததா, அதில் சொன்ன மாதிரி நடந்ததா என்று முதலில் பாருங்கள். எங்களுக்கு வந்தது அரைப் பக்கம், அதில் காலமே போடவில்லை. தனியாக ஒரு ஆள் போட்டால் ஒரு ஆளின் முறைப்பாடு. நாங்கள் ஒரு மாடியாகச் சேர்ந்து போட்டிருக்கிறோம், அதில் சோமாலியர் இருக்கிறார்கள், பிலிப்பினோ இருக்கிறார்கள், எங்கள் ஆட்கள்தான் கடைசியாகக் கையெழுத்து வைத்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கொம்பனிக் காகிதத்தில் உடனே வைக்கிற கையெழுத்தை அயலவரின் மனுவில் வைக்க எங்களுக்கு ஏன் இவ்வளவு யோசனை என்று தெரியவில்லை. ஆங்கிலம் கஷ்டமென்றால் சமூகச் சட்ட உதவி நிலையங்கள் இருக்கின்றன, தெற்காசியச் சட்ட நிலையத்தில் தமிழிலேயே கதைக்கலாம். நகரசபைக்கு 311 அடித்தால் உங்கள் கட்டிடத்துக்கு லைசென்ஸ் கேட்டிருக்கிறார்களா என்று விசாரிக்கலாம்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பத்திரிகை விளம்பரத்தில்தான் ஓடுகிறது, அதில் பெரும்பகுதி வீடு விற்கிறவர்களின் விளம்பரம் என்பது எனக்கு விளங்குகிறது, அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் பலசரக்குக் கடை வாசலில் உங்கள் பத்திரிகையை எடுத்துக்கொண்டு போய்ப் படிக்கிறவர்களில் பாதிப் பேராவது என்னைப் போல வாடகைக்கு இருக்கிறவர்களாகத்தான் இருப்பார்கள். அந்தக் கட்டுரை வந்த அதே பக்கத்தில், என் 13 எப்படி இருக்கும், என் 11 எப்படி இருக்கும் என்று இரண்டு படிவத்தையும் பக்கத்துப் பக்கமாகப் படம் போட்டு, எதில் கையெழுத்து வைத்தால் என்ன நடக்கும் என்று தமிழில் ஒரு கால் பக்கம் போட முடியுமா? படிவங்களை நானே அனுப்பி வைக்கிறேன். திரும்பி வருவேன் என்று எழுதுகிற கடிதத்துக்கு ஒரு மாதிரியும் சேர்த்தால் இன்னும் நல்லது, நாலு வரி போதும்.

என் பெயரையும் கட்டிடத்தின் விலாசத்தையும் தயவுசெய்து போட வேண்டாம். எங்கள் மனு போர்டில் இன்னும் விசாரணைக்கு வரவில்லை.

இப்படிக்கு,
ஸ்காபரோ வாசகர் ஒருவர்